மோனோபிளாக்குக்கு தினமும் எட்டுக் குடம் தண்ணி: புட்வால்வா, ஜாயின்டா?

வாய்க்கால்மேடு எழுதியது:

கிணத்துத் திட்டுல 5 எச்.பி. மும்முனை மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒரே சாஃப்ட்டுல). சக்சன் (கிணத்துல இருந்து இழுக்கிற பைப்) 80 மி.மீ. பி.வி.சி., டெலிவரி (வெளிய தள்ளற பைப்) 65. பம்பு மையத்துல இருந்து தண்ணி மட்டம் இப்போ 5.5 மீட்டர். படுக்கை பைப் ஒன்றரை மீட்டர், அப்புறம் ஒரு பென்டு, நேரா கீழே இறங்குது. புட்வால்வு (பைப் அடியில தண்ணி திரும்பி இறங்காம பிடிக்கிற வால்வு) தண்ணிக்குள்ள ஒரு மீட்டர். காலையில ஸ்டார்ட் பண்ண எட்டுக் குடம் ஊத்த வேண்டியிருக்கு. ஊத்தி எடுத்துட்டா ரெண்டு மணி நேரம் நல்லாத்தான் ஓடுது. கரண்ட் போய் ஒரு மணி நேரம் கழிச்சு வந்தா மறுபடி முதல்ல இருந்து. புட்வால்வை மாத்திடலாமா, வேற ஏதாவது பார்க்கணுமா?

---

திட்டுமேல்பம்பு எழுதியது:

மாத்தறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுருங்க. 80 மி.மீ. பைப் ஒரு மீட்டருக்கு 5 லிட்டர் பிடிக்கும். தண்ணிக்குள்ள இருக்கிற ஒரு மீட்டர் எப்பவும் நிறைஞ்சுதான் இருக்கும், அதை விட்ருங்க. மேல இருக்கிறது 5.5 கூட்டல் 1.5, மொத்தம் 7 மீட்டர். அதுக்கு 35 லிட்டர். பம்பு வயித்துக்கு நாலஞ்சு லிட்டர். ஆக 40 லிட்டர்ல நிறையணும். குடம் 12 லிட்டர்னா நாலுல வேலை முடியணும், நீங்க எட்டு ஊத்தறீங்க. மீதி நாலு குடம் ஊத்த ஊத்தவே கிணத்துக்குப் போகுது.

உங்க கேள்விக்குப் பாதி பதில் உங்க பதிவுலயே இருக்கு. ஓடும்போது தண்ணி நிக்கலை, நிறுத்தின பிறகுதான் இறங்குது. ஓடும்போது விட்டுப்போனா காத்து உள்ள வருது: ஜாயின்டு, கிளாண்டு (சாஃப்ட் வெளிய வர்ற இடத்து அடைப்பு), இல்லேன்னா தண்ணி மட்டம் கீழ போயிருக்கும். நிறுத்தினப்புறம் விட்டுப்போனா தண்ணி கீழ இறங்குது: பெரும்பாலும் புட்வால்வு. இந்த ரெண்டையும் கலந்துட்டுத்தான் பாதிப் பேரு புட்வால்வு மேல புட்வால்வா மாத்திட்டு இருக்காங்க.

---

மூணுபோகம் எழுதியது:

ஒரு கை சாணியைக் கரைச்சு ஊத்துங்க. நின்னுடும்.

---

ரிவைண்டிங்கடை எழுதியது:

@மூணுபோகம் நிக்கும், அதை மறுக்கலைங்க. வால்வு வாஷருக்கும் சீட்டுக்கும் நடுவுல இருக்கிற மயிரிழை இடைவெளியை சாணி நார் அடைச்சுக்கும். ஆனா அது கிளாண்டு கயிறு போட்ட பழைய பம்போட வைத்தியம். இப்ப வர்ற மோனோபிளாக்ல முக்காவாசி மெக்கானிக்கல் சீல். ரெண்டு வழவழப்பான முகம் ஒண்ணோட ஒண்ணு உரசி ஓடுது, நடுவுல தண்ணிப் படலம் மட்டும்தான். சாணியில ஒட்டிட்டு வர்ற மணல் அந்த முகத்துல கோடு போட்டா சீல் ஒழுக ஆரம்பிச்சிடும். புட்வால்வு வாஷரை மிச்சம் பண்ணப் போய் சீலும், அதுக்குப் பின்னாடி பேரிங்கும் தெண்டம்.

அவசரத்துக்கு ஒரு நாள் பயிர் காயாம இருக்க ஊத்தலாம். அப்பவும் துணியில வடிகட்டி ஊத்துங்க. வைக்கோல் துண்டு இம்பெல்லர் (பம்புக்குள்ள சுத்தற சக்கரம்) வாயில போய் நின்னா அதையும் கழட்ட வேண்டி வரும்.

---

வாய்க்கால்மேடு எழுதியது:

என் பம்பு மெக்கானிக்கல் சீல்தான். இன்னொரு சந்தேகம். பம்புதான் இந்தச் சுத்து சுத்துதே, 2900 ஆர்.பி.எம்., காத்தையும் சேர்த்து இழுத்துத் தள்ளிட்டுத் தண்ணியை ஏத்திக்கக் கூடாதா? கை பம்பு அப்படித்தானே ஏத்துது?

---

அளவுகோல் எழுதியது:

கை பம்பில் பிஸ்டன் உருளையோடு ஒட்டி நகர்கிறது. அதனால் காற்றையும் அளந்து வெளியே தள்ள முடிகிறது. மையவிலக்கு பம்பில் அப்படி ஒட்டி நகரும் பாகமே கிடையாது. இம்பெல்லர் தன் கையில் அகப்பட்டதை வேகமாக வெளிப்பக்கம் வீசுகிறது. வீசிய இடத்தில் அழுத்தம் குறைகிறது. கிணற்று நீரின் மேல் இருக்கும் காற்று மண்டல அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. எவ்வளவு அழுத்தம் குறையும் என்பது வீசப்படும் பொருளின் எடையைப் பொறுத்தது.

ஒரு கன மீட்டர் தண்ணீர் 1000 கிலோ. அதே அளவு காற்று சுமார் 1.2 கிலோ. பம்பு பெயர்ப்பலகையில் 30 மீட்டர் ஹெட் (தள்ளும் உயரம்) என்று இருந்தால், அது எந்தப் பொருளை வீசுகிறதோ அந்தப் பொருளின் 30 மீட்டர். காற்று நிறைந்திருந்தால் 30 மீட்டர் உயரக் காற்றுத் தூணுக்குச் சமமான அழுத்தம்தான் கிடைக்கும். அதைத் தண்ணீராக மாற்றினால் 3.6 சென்டிமீட்டர். உங்கள் கிணற்றில் தண்ணீர் இருப்பது 5.5 மீட்டர் கீழே. மோட்டாரை நாள் முழுக்க ஓட்டினாலும் சக்சன் பைப்பில் தண்ணீர் இரண்டு விரற்கடைதான் ஏறும்.

முழுதாக வற்றியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. இம்பெல்லரின் கண்ணில் ஒரு பெரிய காற்றுக் குமிழி தங்கினாலே போதும். கனமான தண்ணீர் வெளிச்சுற்றுக்குப் போக, இலேசான காற்று நடுவில் ஒதுங்கி வழியை மறித்துக்கொள்ளும். “நிறைய ஊற்றினேன், இருந்தும் எடுக்கவில்லை” என்பவர்களின் சிக்கல் பெரும்பாலும் இதுதான்.

---

திட்டுமேல்பம்பு எழுதியது:

மேல சொன்ன குமிழிக்காகத்தான் ஊத்தற முறையே. நிறைய பேரு பிளக்கைக் கழட்டி குடத்தைக் கவுத்துடறாங்க. அரை இஞ்சு ஓட்டையில தண்ணி இறங்கணும், அதே ஓட்டையில காத்து ஏறணும். குபுகுபுன்னு துப்பும், நிறைஞ்ச மாதிரி வழியும், உள்ள பாதி காத்துதான் இருக்கும்.

முதல்ல மெயின் சுவிட்சை இறக்கிடுங்க. ஆட்டோ ஸ்டார்டர் போட்டிருந்தா அதையும் ஆஃப் பண்ணுங்க, கை உள்ள இருக்கும்போது கரண்ட் வந்துடக் கூடாது. டெலிவரி கேட் வால்வை மூடுங்க. பம்பு வயித்தோட உச்சியில சின்ன காக் (திருகிற குழாய்) இருக்கும், அதைத் திறந்து விடுங்க. காத்து போறதுக்கு அது, தண்ணி ஊத்தறதுக்கு இன்னொரு ஓட்டை. புனல் வச்சு சன்னமா, விடாம ஊத்துங்க. காக்ல தண்ணி வந்ததும் நிறுத்தாம, கப்ளிங் பக்கமோ ஃபேன் பக்கமோ பிடிச்சு சாஃப்ட்டைக் கையால நாலஞ்சு சுத்து சுத்துங்க. இம்பெல்லர் இலைக்குள்ள ஒளிஞ்சிருந்த காத்து பொளக் பொளக்குனு வரும், மட்டம் ஒரு சாண் இறங்கும். மறுபடி ஊத்துங்க. குமிழி இல்லாம நூல் மாதிரி தண்ணி வந்தாத்தான் காக்கை மூடணும்.

பத்து நிமிஷம் அப்படியே விட்டுட்டு காக்கைத் திறந்து பாருங்க. மட்டம் அசையலைன்னா புட்வால்வு நல்லா இருக்கு. இறங்கியிருந்தா எவ்வளவு ஊத்தினா மறுபடி நிறையுதுன்னு அளந்துக்குங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு லிட்டர்னா வாஷர் தேஞ்சிருக்கு. ஊத்த ஊத்த இறங்கிட்டே இருந்தா வால்வுல குச்சியோ கல்லோ மாட்டி வாய் திறந்து நிக்குது.

அப்புறம் ஸ்டார்ட். கேட் வால்வு மூடியபடியே ஸ்டார்ட் பண்ணுங்க, பிரஷர் கேஜ் ஏறினதும் மெதுவா திறங்க. ஒரே திருகுல திறந்தா டெலிவரி பைப் காலியா இருக்கிறதால தண்ணி ஓட்டமா ஓடி, பிடிச்ச பிடி விட்டுப்போகும். மூடினபடியே வச்சுட்டு பீடி பத்த வைக்கவும் போயிடாதீங்க. அந்த நாலு லிட்டரையே பம்பு கலக்கிட்டு இருக்கும், சூடாயிடும். ஒரு நிமிஷத்துக்குள்ள திறந்தாகணும்.

---

கரண்ட்காரர் எழுதியது:

கேட் வால்வை மூடி ஸ்டார்ட் பண்றதுல மோட்டாருக்கும் லாபம். இந்த வகை பம்பு தண்ணி தள்ளாத வரைக்கும் குறைஞ்ச பவர்தான் எடுக்கும். இது நீர்மூழ்கி ஆக்சியல் பம்புக்கு (சாஃப்ட் வாக்குலயே தண்ணியைத் தள்ளற வகை) நேர்மாறு, அதுல மூடி ஸ்டார்ட் பண்ணக் கூடாது.

5 எச்.பி. மோட்டார் 415 வோல்டில் முழு லோடுக்கு ஏழு, ஏழரை ஆம்பியர். தண்ணி எடுக்காம வெறுமனே சுத்தினா அதுல பாதி அளவுக்கு இறங்கிடும். ஓவர்லோட் ரிலே இதைக் கண்டுக்காது. அது கரண்ட் ஏறினாத்தான் விழும். இறங்கினா விழற அண்டர்கரண்ட் ரிலே தனி, கடையில டிரை ரன் பிரிவென்டர்னு கேளுங்க. மும்முனை கரண்ட் முறை வச்சு வர்ற ஊர்ல, ஆட்டோ ஸ்டார்டர் போட்டு, புட்வால்வு ஒழுகினா ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் இல்லாதப்ப பம்பு வெறும் வயித்தோட எந்திரிச்சு விடிய விடிய ஓடும். சீல் கருகிடும்.

---

அஞ்சரைஏக்கர் எழுதியது:

எனக்கு இதுக்கு நேர்மாறா இருக்கு. நிறுத்தினா தண்ணி நிக்குது, ஓட்டினா இருபது நிமிஷத்துல டெலிவரி சன்னமாகி விட்டுப்போகுது. அஞ்சு நிமிஷம் விட்டுப் போட்டா மறுபடி எடுக்குது. இதுக்குத் தனிப் பதிவு போடணுமா?

---

திட்டுமேல்பம்பு எழுதியது:

இங்கேயே இருக்கட்டும், படிக்கிறவங்களுக்கு ரெண்டும் பக்கத்துல இருந்தா நல்லது. அஞ்சு நிமிஷம் விட்டா ஊத்தாமலே எடுக்குதுன்னா முதல்ல கிணத்தை எட்டிப் பாருங்க. ஊத்து ஊறறதை விட பம்பு வேகமா இழுக்குது போல. தண்ணி இறங்கி புட்வால்வுக்கு மேல அரை மீட்டருக்கும் கீழ வந்தா சுழி விழும். வாளியில தண்ணி வடியும்போது நடுவுல குழி விழற மாதிரி. அந்தக் குழி வழியா காத்து நேரா பைப்புக்குள்ள போகும். கேட் வால்வைப் பாதி மூடி ஓட்டிப் பாருங்க, விடாம ஓடினா ஊத்துதான் பத்தலை.

---

அளவுகோல் எழுதியது:

சக்சன் பக்கத்தில் ஒரு வேக்குவம் கேஜ் இருந்தால் ஊகிக்கவே வேண்டாம். ஒரு மீட்டர் உறிஞ்சு உயரத்துக்கு 73.5 மி.மீ. பாதரசம். முதல் பதிவில் உள்ள பம்பையே எடுத்துக்கொள்ளுங்கள்: 5.5 மீட்டர் உயரம், வினாடிக்கு 9 லிட்டர் ஓடினால் பைப், பென்டு, புட்வால்வு உராய்வெல்லாம் சேர்த்து இன்னொரு மீட்டர். கேஜ் 480 அருகில் காட்ட வேண்டும்.

தண்ணீர் சன்னமாகும்போது கேஜ் 550, 600 என்று ஏறினால் வழி அடைபடுகிறது அல்லது மட்டம் இறங்குகிறது. முள் துடித்துக்கொண்டே 300, 200 என்று விழுந்தால் காற்று நுழைகிறது.

ஏறும் பக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. கடல் மட்டத்தில் காற்று மண்டலம் தாங்கும் தண்ணீர்த் தூண் 10.3 மீட்டர், கோயம்புத்தூர் உயரத்தில் அரை மீட்டர் குறைவு. நடைமுறையில் 6, 6.5 மீட்டருக்கு மேல் உறிஞ்சச் சொல்லாதீர்கள். அதற்கு மேல் போனால் இம்பெல்லர் கண்ணில் தண்ணீரே ஆவியாகிக் குமிழி கட்டும், அந்தக் குமிழிகள் உடையும்போது ஜல்லி அரைப்பது போலச் சத்தம் வரும். அந்த நிலையில் எத்தனை குடம் ஊற்றினாலும் பயனில்லை. பம்பைக் கீழ்த் திட்டுக்கு இறக்க வேண்டியதுதான்.

---

மலைக்காய்கறி எழுதியது:

ஊட்டிப் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஒரு சேர்க்கை. இங்க 2240 மீட்டர் உயரத்துல அந்த 10.3 வெறும் 7.9 தான். சமவெளியில 6 மீட்டர் இழுக்கிற அதே பம்பு இங்க மூணரை, நாலுக்கே திணறும். பம்பு மேல குத்தம் சொல்லி கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க.

---

அஞ்சரைஏக்கர் எழுதியது:

கேட் வால்வைப் பாதி மூடியும் விட்டுப்போகுது. கேஜ் முள் துடிக்குது, 450ல இருந்து 250க்கு இறங்குது. சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், ஒரு ஜாயின்டுலயும் குமிழி வரலை.

---

ரிவைண்டிங்கடை எழுதியது:

வராதுங்க. சோப்பு நுரை உள்ள இருந்து வெளிய கசியற இடத்துக்கு. இங்க வெளிய இருந்து உள்ள போகுது. நுரை குமிழி கட்டாம ஓட்டைக்குள்ள இழுபட்டு மறையும், அதைக் கண்ணால பிடிக்கிறது கஷ்டம். ஓடும்போது ஊதுபத்தியை ஒவ்வொரு ஜாயின்டு கிட்டயும் பிடிங்க, காத்தில்லாத நேரமா பார்த்து. புகை எங்க வளைஞ்சு உள்ள போகுதோ அதுதான் இடம்.

இன்னொரு வழி: புட்வால்வு நல்லா பிடிக்குது, டெலிவரியில நான் ரிட்டர்ன் வால்வு (தண்ணி திரும்பி வராம தடுக்கிறது) இல்லைன்னா, நிறுத்தினதும் மேல நிக்கிற தண்ணித் தூண் சக்சன் பைப்பையும் அழுத்தும். அப்ப நல்ல வெளிச்சத்துல ஜாயின்டு ஜாயின்டா தடவிப் பாருங்க. ஓடும்போது காத்து குடிக்கிற இடம் நிறுத்தும்போது தண்ணி கசியும். ஆனா பிளாஞ்ச் (போல்ட் போட்டு சேர்க்கிற விளிம்பு) பேக்கிங் சில நேரம் அழுத்தம் வந்தா மூடிக்கும், இழுத்தா திறக்கும். அதனால கசியலைன்னு வச்சு ஜாயின்டு சுத்தம்னு முடிவு கட்டிடாதீங்க.

சந்தேகப்பட வேண்டிய இடம் வரிசையா: பம்பு சக்சன் பிளாஞ்ச் ரப்பர், பி.வி.சி.யும் இரும்பும் சேர்ற மரை, வெயில் படற சொலூஷன் ஜாயின்டு, கடைசியா கிளாண்டு. கிளாண்டு கயிறு பம்புன்னா ஓடும்போது சொட்டணும், நிமிஷத்துக்கு நாப்பது அம்பது சொட்டு. ஒழுகுதேன்னு இறுக்கிட்டா அந்த வழியாத்தான் காத்து போகும், சாஃப்ட் ஸ்லீவும் தேயும்.

---

வாய்க்கால்மேடு எழுதியது:

படுக்கை பைப் பத்தி யாரும் சொல்லலையே. என்னோடது பம்பை விட கிணத்து ஓரம் ரெண்டு விரற்கடை உசரமா இருக்கு. பாதகமா?

---

அளவுகோல் எழுதியது:

பாதகம்தான். சக்சன் பைப் கிணற்றிலிருந்து பம்பு வரை ஏறிக்கொண்டே வர வேண்டும், ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டராவது. நடுவில் மேடு இருந்தால் ஊற்றும்போது காற்று அங்கே ஒதுங்கும். உச்சிக் காக்கைத் திறந்தாலும் அது வெளியேறாது, ஏனென்றால் அது காக்குக்குப் போக வேண்டுமானால் கீழே இறங்கி வர வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் அந்தக் காற்று மொத்தமாக இம்பெல்லருக்குள் வரும். இதே காரணத்தால்தான் சக்சன் ரெடியூசரை (பெரிய பைப்பைச் சிறிய வாயோடு இணைக்கும் துண்டு) ஒரு பக்கம் தட்டையானதாக வாங்கி, தட்டைப் பக்கத்தை மேலே வைத்துப் பொருத்துகிறார்கள். நடுவாகக் கூம்பும் ரெடியூசர் போட்டால் அதன் உச்சியிலேயே காற்றுக்கு ஓர் அறை கட்டிக் கொடுத்தது போல ஆகிவிடும்.

---

மூணுபோகம் எழுதியது:

இத்தனை பாடு எதுக்கு? செல்ஃப் பிரைமிங் (தானே தண்ணி எடுத்துக்கிற பம்பு) வாங்கிடலாமே.

---

திட்டுமேல்பம்பு எழுதியது:

அதுக்கும் முதல் தடவை வயித்தை நிறைச்சுத்தான் ஆகணும். செல்ஃப்னு பேரு, அவ்வளவுதான். உள்ள நிக்கிற தண்ணியோட காத்தைக் கலக்கி டெலிவரி பக்கம் பிரிச்சு விடும், தண்ணி மறுபடி சுத்தி வரும். சக்சன் பைப்புல இருக்கிற காத்து தீர்ற வரைக்கும் இப்படியே. 80 மி.மீ. பைப்புல 35 லிட்டர் காத்து தீர சில நிமிஷம் ஆகும். டெலிவரி அடைபட்டிருந்தா காத்து போக வழியில்லாம எடுக்கவே எடுக்காது. அதே எச்.பி.க்கு தண்ணியும் கொஞ்சம் கம்மி. வீட்டுத் தொட்டிக்கு சரி, தினமும் ஆறு மணி நேரம் ஓடற தோட்டத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

---

கரண்ட்காரர் எழுதியது:

குடம் சுமக்கிறதை நிறுத்தணும்னா டெலிவரியில நான் ரிட்டர்ன் வால்வு போட்டு, அதுக்கு மேல இருந்து பம்பு வயித்துக்கு அரை இஞ்சு பைபாஸ் ஒரு பால் வால்வோட. டெலிவரி லைன்ல நிக்கிற தண்ணியே பம்பை நிறைச்சுடும்.

---

ரிவைண்டிங்கடை எழுதியது:

யோசனை நல்லது. ரெண்டு எச்சரிக்கை மட்டும். டெலிவரி 20 மீட்டர் உசரம் போகுதுன்னா, பைபாஸ் திறந்ததும் பம்பு மட்டத்துலயே 2 கிலோ பிரஷர், புட்வால்வுல இன்னும் அரை கிலோ கூட. இழுக்கிறதுக்கு மட்டும்னு மெல்லிசு பி.வி.சி. போட்டிருந்தா ஜாயின்டு விட்டுக்கும். வேக்குவம் கேஜ் இருந்தா அதோட காக்கை மூடிட்டுத் திறங்க, இல்லேன்னா முள் போயிடும். ரெண்டாவது, புட்வால்வு ஒழுகறதை பைபாஸ் மறைச்சுடும். மூட மறந்தா லைன் மொத்தமும் கிணத்துக்குப் போயிருக்கும். அதனால வாஷரை மாத்தின பிறகு பைபாஸ் போடுங்க.

---

வாய்க்கால்மேடு எழுதியது:

பத்து நிமிஷ சோதனை பண்ணியாச்சு. ஏழு லிட்டர் இறங்கியிருக்கு. பைப்பை மேல எடுத்தோம். வாஷர் ஓரத்துல பாதி அளவுக்கு கடிபட்ட மாதிரி இருக்கு, சீட்டுல ஒரு சின்ன பொருக்கு. புட்வால்வு வலையில பாதி ஓட்டை பாசி. முழு வால்வு மாத்தணுமா, வாஷர் மட்டும் போதுமா? படுக்கை பைப்பையும் இறக்கி வாட்டம் சரி பண்ணிட்டோம்.

மாட்டிட்டு ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு விஷயம். போன வாரம் டிரான்ஸ்பார்மர்ல வேலை நடந்துச்சு. அப்புறம் இருந்தே தண்ணி வேகம் கொஞ்சம் கம்மியோன்னு தோணுது.

---

கரண்ட்காரர் எழுதியது:

தலைகீழா சுத்துதுங்க, அநேகமா. டிரான்ஸ்பார்மர்ல ஃபேஸ் மாத்திக் கட்டியிருப்பாங்க. தலைகீழா சுத்தினாலும் மையவிலக்கு பம்பு தண்ணி தள்ளும், அளவும் உசரமும் குறையும், அவ்வளவே. அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வராம பிடி விட்டுப்போச்சுன்னு ஊத்திட்டே இருப்பாங்க. பம்பு உடம்புல அம்புக்குறி இருக்கு பாருங்க. தண்ணி நிறைச்சுட்டு, ஒரு நொடி ஸ்டார்ட் கொடுத்து ஆஃப் பண்ணி, ஃபேன் நிக்கப் போகும்போது எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாருங்க. தப்பா இருந்தா மெயினை இறக்கிட்டு ஸ்டார்டர் அவுட்புட்ல ஏதாவது ரெண்டு வயரை இடம் மாத்துங்க. வெறும் பம்புல இந்தச் சோதனை வேண்டாம், சீல் இருக்கு.

---

திட்டுமேல்பம்பு எழுதியது:

சீட்டுல பள்ளம் விழுந்திருக்கான்னு நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் தட்டலைன்னா பொருக்கை நைஸ் எமரி தாளால எடுத்துட்டு வாஷர் மட்டும் மாத்தினா போதும். நகம் தட்டினா முழு வால்வு. வலையோட ஓட்டை எல்லாம் சேர்த்து பைப் வாயைப் போல மூணு நாலு மடங்கு இருக்கணும். பாசியை பிரஷ் போட்டு எடுங்க, ஓட்டையைப் பெருசாக்காதீங்க. இறக்கும்போது கிணத்துத் தரையில இருந்து அரை மீட்டராவது மேல நிக்கட்டும், சேறு இழுக்காது.

---

வாய்க்கால்மேடு எழுதியது:

நகம் தட்டலை. வாஷர் வாங்கியாச்சு, கடையில தோல்தான் இருந்துச்சு, ரப்பர் இல்லை. நாளைக்கு மாட்டறோம். சுத்தற பக்கம் பார்த்தோம், தலைகீழ்தான். வயர் மாத்தியாச்சு.

---

ரிவைண்டிங்கடை எழுதியது:

தோல்னா இன்னைக்கு ராத்திரியே தண்ணியில ஊறப் போட்ருங்க. காஞ்ச தோலை மாட்டினா அது ஊறி சீட்டுல படியற வரைக்கும் ரெண்டு நாளைக்கு ஒழுகத்தான் செய்யும், நீங்க மறுபடி பைப்பைத் தூக்குவீங்க.